மண்ணா, மாவா?

நிலைக்காலைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளல் சத்தம் கேட்கிறது. அல்லது, காலையில் பெருக்கிய அலமாரியடியில் மாலைக்குள் மறுபடியும் தூள் விழுந்து கிடக்கிறது. உடனே ஹார்டுவேர் கடைக்குப் போய் "மரத்துக்குப் பூச்சி மருந்து ஒண்ணு குடுங்க" என்போம். கடைக்காரர் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துக் கொடுப்பார். பிரஷ்ஷால் தடவுவோம். கொஞ்ச நாள் சும்மா இருக்கும், பிறகு பழையபடி ஆரம்பிக்கும். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு "மருந்து அடிச்சும் கொட்டுதுங்க" என்று முறையிட்டால், அனுபவமுள்ள கொங்கு ஆசாரி மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பார்: "கொட்டறது மண்ணுங்களா, மாவுங்களா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மண் என்றால் கறையான். அது குடியிருப்பது தரைக்கடியில். மாவு என்றால் மரத்தைத் துளைக்கும் வண்டு. அது பிறந்து வளர்வதெல்லாம் மரத்துக்குள்ளேயே. கறையானுக்கு மரத்தில் மருந்து தடவினாலும் வண்டுக்காகத் தரையைத் துளைத்து மருந்து இறக்கினாலும் பணம் வீண்தான். இந்த விஷயத்தில் நம் வீடுகளில் வீணாகும் காசில் பெரும்பகுதி, மருந்து மட்டமாக இருப்பதால் அல்ல, ஆள் மாறாட்டத்தால்தான் போகிறது என்பது என் எண்ணம்.

இதைப் பேச ஆர்.எஸ்.புரம் தோதான இடம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் பழைய கோவையைப் படாத பாடு படுத்திய பிறகு, நெரிசலுக்கு வெளியே அகலத் தெருக்களோடு உருவான குடியிருப்பு அது. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் ஊருக்கு. அவருடைய திவான் பகதூர் பட்டம் டி.பி. ரோட்டுக்கு. தோட்டமும் கிணறும் தேக்குக் கதவுமாக நின்ற பங்களாக்களில் சில மிச்சமிருக்கின்றன. மற்றவை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். அதே பகுதியில் கௌலி பிரவுன் சாலையில் வனத்துறையின் பெரிய வளாகம். 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகமும் 1988-இல் வந்த வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் அதற்குள்தான். இன்னும் கொஞ்சம் போனால் லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம். அங்கே பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். மரம் தெரிந்தவர்களும் பூச்சி தெரிந்தவர்களும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பேட்டை தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். கறையான் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை.

கறையானை எறும்பின் வகையறா என்று நினைப்பவர்கள் அதிகம். எறும்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கரப்பான்தான் அதன் பங்காளி. மரபணுச் சான்றுகளை அடுக்கிப் பார்த்து, கறையான் என்பது கூட்டாக வாழப் பழகிக்கொண்ட கரப்பான் கிளை என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது. அதுவரை தனி வரிசையாக இருந்த கறையான் இனங்கள் இன்று கரப்பான் வரிசைக்குள் அடக்கம். உலகில் சுமார் 3000 வகைக் கறையான்கள் உண்டு. அவற்றில் மனிதனுக்குத் தொல்லை தருபவை மிகச் சிலவே. மற்றவை காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன; அவை இல்லையென்றால் காடே நடக்காது.

கரப்பானுக்கு இருக்கும் தடித்த தோல் வேலைக்காரக் கறையானுக்குக் கிடையாது. வெயிலும் காற்றும் பட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து செத்துவிடும். கண்ணும் தெரியாது. அதனால்தான் எங்கே போனாலும் மண்ணும் எச்சிலும் கழிவும் சேர்த்துக் குழைத்து, பென்சில் கனத்தில் ஒரு மண்குழாய் கட்டிக்கொண்டு போகிறது. உள்ளே இருட்டும் ஈரமும் நீடிக்கும். கருங்கல்லைக் கறையான் தின்னாது. ஆனால் கருங்கல் பேஸ்மட்டத்தின் மேல் குழாய் கட்டி ஏறி, மேலே இருக்கும் ஜன்னல் சட்டத்தை எட்டுவதற்கு அந்தக் கல் ஒரு தடையே இல்லை.

சுவரில் அப்படி ஒரு குழாயைப் பார்த்தால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். துடைப்பத்தால் ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளிவிடுவோம். அது தடயத்தை அழிக்கும் காரியம். நடுவில் ஒரு அங்குலம் மட்டும் நகத்தால் பெயர்த்துவிட்டு, மேலும் கீழும் அப்படியே விடுங்கள். உடைந்த வாயில் முதலில் சிப்பாய்கள் வந்து நிற்கும். பழுப்புத் தலை, வெளியே நீட்டிய தாடைகள். தலையின் முன்புறத்திலிருந்து பால் போல ஒரு சொட்டுத் திரவம் கசிந்தால் அது காப்டோடெர்மிஸ் இனம். இந்தியா முழுக்க வீட்டு மரத்தைத் தாக்கும் பெயர்பெற்ற கூட்டம் அது. கொஞ்ச நேரத்தில் வேலைக்காரக் கறையான்கள் ஒவ்வொன்றாக வந்து ஈரமண் உருண்டைகளை விளிம்பில் ஒட்டத் தொடங்கும். மறுநாள் பார்த்தால் உடைத்த இடத்தில் நிறம் மாறிய புது மண் தெரியும். அந்தத் தடத்தில் போக்குவரத்து நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எங்கே துளை போட வேண்டும் என்பதையும் அதுவே காட்டும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். நாலைந்து கறையான்களை வெள்ளைத் தாளில் விட்டு, சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். பெரும்பாலும் அவை அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாகச் சுற்றத் தொடங்கும். சில பேனா மைகளில் சேர்க்கும் பினாக்சி எத்தனால், கறையான் வழியில் தடவிப் போகும் வாசனைச் சுவடு போலவே அவற்றுக்குத் தோன்றுவதுதான் காரணம். கண்ணில்லாத லட்சக்கணக்கான பூச்சிகள் தரைக்கடியிலிருந்து மாடி அலமாரி வரை வழி தவறாமல் போய்வருவது இந்த வாசனையை நம்பித்தான்.

தின்ற மரம் என்ன ஆகிறது என்பதில் இரண்டு வழி. காப்டோடெர்மிஸ் போன்றவற்றின் குடலில் ஒற்றைச்செல் உயிர்கள் குடியிருந்து மரநாரைச் செரித்துக் கொடுக்கின்றன. நம் செம்மண் காட்டில் ஆள் உயரப் புற்று எழுப்பும் ஓடோண்டோடெர்மிஸுக்கு அந்த உயிர்கள் கிடையாது. அது விவசாயம் செய்கிறது. அரைகுறையாக மென்று கழித்த மரத்தூளைப் புற்றுக்குள் கடற்பஞ்சு மாதிரி அடுக்கி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை மரத்தைச் சிதைக்கும். பதமான பிறகு கறையான் அதைத் தின்னும். மழைக்குப் பிறகு புற்றோரம் முளைக்கும் காளானைத் தேடித் தேடிப் பிடுங்கிக் குழம்பு வைக்கிறோமே, அது இந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். இந்தக் கூட்டத்துக்கு நம் வீட்டு நிலைக்கால் குடியிருப்பே இல்லை. எங்கோ மண்ணுக்கடியில் இருக்கும் தோட்டத்துக்கு எரு வெட்டும் இடம். ராணி, முட்டை, குஞ்சு எல்லாம் அங்கே. நிலைக்காலில் மருந்து தடவினால் சாவது அன்றைக்கு எரு வெட்ட வந்த கூலிக்கூட்டம் மட்டும். ராணி ஒரு நாளில் இடும் முட்டை ஆயிரக்கணக்கில் என்பதால் அந்த இழப்பு கூட்டுக்கு உறைக்கவே உறைக்காது.

கோடைமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் ஈசல் புறப்படும். வெளியிலிருந்து டியூப்லைட்டுக்கு வந்து மொய்ப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல்லிக்கும் காக்கைக்கும் போக மிஞ்சுவது சொற்பம். ஆனால் கதவு ஜன்னல் சாத்தியிருந்தும் உதிர்ந்த இறகுகள் அறைக்குள் குவிந்திருந்தால் சங்கதி வேறு. ஈசல் கிளம்பியது வீட்டுக்குள்ளிருந்தே. பெருக்கித் தள்ளும் முன் எந்த மூலையில் இறகு அதிகம் என்று பார்த்து வையுங்கள்.

வீட்டுக்குள் வர கறையானுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விரிசல் போதும். நம் ஊரில் அந்த விரிசலைத் தேடும் சிரமத்தைக்கூட நாம் அதற்கு வைப்பதில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெருமட்டத்தில் நிற்கின்றன. சில வீடுகளில் படி இறங்கவே வேண்டும். பேஸ்மட்டம் எதற்கு உயர்த்திக் கட்டப்பட்டதோ அந்தப் பயன் போயிற்று. வாசற்படிக்கும் நிலைக்காலின் அடிக்கும் மண் நேராக எட்டுகிறது. போதாததற்குச் சுவரை ஒட்டிச் செம்மண் கொட்டிப் பூச்செடி, அதற்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர். ஏசி தண்ணீர் சொட்டும் இடமும் குளியலறைக்குப் பின்சுவரும் தனி. அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பங்களாவை இடிக்கும்போது தோட்டத்து மாமரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையையும் வேரையும் அப்படியே மூடி மேலே கான்கிரீட் போடுவார்கள். கட்டடத்துக்குக் கீழேயே பல வருஷச் சாப்பாட்டைப் புதைத்து வைத்த கணக்கு. அது தீரும்போது கறையான் மேலே ஏறித் தேடும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் மரத்தூண் எதுவும் நேராகத் தரையில் நிற்காது. அடியில் ஒரு கல் பீடம் இருக்கும். அழகுக்கு என்று நினைக்கலாம். ஆனால் அது மண்ணின் ஈரத்தை மரத்திலிருந்து பிரிக்கிறது. கறையான் ஏறினாலும் அதன் மண்குழாய் கல்லின் மேல் பளிச்சென்று கண்ணில் படும். மறைவாக வர முடியாதபடி செய்வதும் ஒரு பாதுகாப்புதான். தரை முதல் கூரை வரை சுவரோடு சேர்த்து அடித்த இன்றைய வார்ட்ரோபில் இந்த வசதி சுத்தமாக இல்லை. முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது, பட்டுப்புடவையை எடுக்கப்போகும் நாளில்தான் தெரியும்.

கல்லை வைத்தே கறையானைத் தடுக்கும் இன்னொரு உத்தியை அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவில் 1950-களில் மணலை வைத்துச் சோதித்தபோது, ஒரு குறிப்பிட்ட பரும அளவில் மட்டும் கறையான் ஊடுருவ முடியாமல் நின்றது தெரிந்தது. பின்னர் ஹவாயில் எரிமலைக்கல் ஜல்லியையும் ஆஸ்திரேலியாவில் கருங்கல் ஜல்லியையும் சுமார் 1.7 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் சலித்து அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பினார்கள். அந்த அளவுக் கல் கறையான் தாடையால் தூக்க முடியாத பருமன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சந்தோ அதன் தலை நுழைய முடியாத குறுகல். விஷமே தேவையில்லை. எம்-சாண்டை எத்தனையோ சல்லடையில் சலித்து விற்கும் கோவை வட்டார கிரஷர்களுக்கு இது பெரிய வேலையாக இருக்காது. இங்கே கேட்பார் இல்லை.

இனி மாவு. ஊசி குத்தியது போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள், அவற்றின் கீழே முகப்பவுடர் மாதிரி நைசான தூள் என்றால் லிக்டஸ் வண்டு. துளை கொஞ்சம் பெரிதாகத் தூளும் சற்றே கரடாக இருந்தால் அதன் உறவுக்காரன் சைனாக்சிலான். இரண்டுக்கும் வேண்டியது மரநார் இல்லை. மரத்தின் வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்து. லிக்டஸ் பெண் வண்டு முட்டையிடும் முன் மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கும். மாவுச்சத்து போதாது என்று பட்டால் விட்டுவிடும். போதும் என்று பட்டால், மரத்தின் நுண்குழாய்களுக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போகும். புழு உள்ளே மாதக்கணக்கில் தின்று வளர்ந்து, வண்டாகி, துளை போட்டு வெளியே வரும்போதுதான் நமக்குச் செய்தி கிடைக்கிறது.

அந்தத் துளை வண்டு உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி மெழுகு வைத்து அடைப்பது திருடன் போன பிறகு பூட்டுப் போடும் வேலை. உள்ளே இன்னும் புழு இருந்தால் அது பக்கத்தில் வேறு துளை போடும். சின்னச் சாமான் என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 55, 60 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, சில மணி நேரம் நிற்கும்படி வெப்ப அறையில் வைத்துப் புழுவைக் கொல்லலாம். மரக்கம்பெனிகள் ஈரம் போக்கும் சூளையில் நடப்பதும் இதுதான். பெரிய சாமானுக்குப் பாலிஷைச் சுரண்டிவிட்டு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை ஊற ஊறத் தடவலாம். போரான் உப்பு மரத்தின் ஈரத்தோடு உள்ளே பரவும். மழையில் நனையும் இடத்தில் கரைந்து போய்விடும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்குத்தான் அது. நல்ல வார்னிஷ் புது முட்டையைத் தடுக்கும். உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால்தான் அறுத்த கையோடு போரான் ஏற்றாத ரப்பர் மரச் சாமான் மாவு கொட்டுகிறது. மூங்கிலுக்கும் இதே கதை. வெட்டிய மூங்கிலைக் குளத்தில் ஊறப்போட்டு எடுக்கும் பழைய பழக்கம் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கான வழிதான்.

கடலோர ஊர்களிலிருந்து பழைய சாமான் வாங்கி வருபவர்கள் மூன்றாவது ஒன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான் உண்டு. அது கொட்டுவது மண்ணும் இல்லை, மாவும் இல்லை. கசகசா அளவில் குருணை. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டை போட்டதாக இருக்கும். இதற்கும் தரையில் மருந்து பயன்படாது.

"எங்க தாத்தா போட்ட கதவு நூறு வருஷமாச்சுங்க, ஒண்ணும் ஆகலைங்க; இதுவும் தேக்குதான், அஞ்சு வருஷத்துல போச்சு" என்று புலம்பாத வீடில்லை. இரண்டும் தேக்குதான். ஆனைமலையில், டாப்ஸ்லிப் சரிவில் உருட்டிவிட்ட காலத்துத் தேக்கு முதிர்ந்து வைரம் பாய்ந்தது. வைரத்தில் டெக்டோகுவினோன் போன்ற வேதிப்பொருள்கள் சேர்ந்திருக்கும். கறையானுக்கு ஆகாதவை அவை. வைரத்தைச் சுற்றி இருக்கும் வெளிர்நிற வெளிற்றில் அவை கிடையாது; மாவுச்சத்து மட்டும் உண்டு. இருபது வருஷத்துக்குள் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம், வைரம் கொஞ்சம். சட்டத்தின் ஒரு ஓரம் வெளுத்திருந்தால் பூச்சி முதலில் பிடிப்பது அந்த ஓரத்தைத்தான். பாலிஷ்காரர் சாயம் ஏற்றி இரண்டையும் ஒரே நிறமாக்கிவிடுவதால், சாயம் ஏறும் முன்பே மரத்தைப் பார்த்து வாங்குவது நல்லது. பனையில் எல்லாம் தலைகீழ். அதற்குக் கெட்டி வெளிப்பக்கம், நடுவில் சோறு. முதிர்ந்த பனையின் வெளிப்பகுதியைச் செதுக்கிப் போட்ட பனங்கைகள் ஓட்டு வீடுகளில் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது அதனால்தான்.

வைரம் இல்லாத மரத்துக்கும் ஆயுள் கொடுக்க முடியும் என்று காட்டியவர் ஓர் இந்தியர். தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசன் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த உப்புக் கரைசலை உருவாக்கினார். அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றினால் அது கரையாமல் நாரோடு பிடித்துக்கொள்ளும். உலகெங்கும் மின்கம்பமும் வேலிக்கம்பும் அதனால் நின்றன. ஆர்சனிக் பயம் வந்த பிறகு, 2004 முதல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அது இல்லாமல் போனது. கறையான் மருந்துகளின் வரலாறே இப்படித்தான். ஆல்ட்ரினும் குளோர்டேனும் ஹெப்டாகுளோரும் ஒரு காலத்தில் அஸ்திவாரக் குழியில் தாராளமாக ஊற்றப்பட்டன. மண்ணில் பல வருஷம் அழியாமல் இருக்கும் குணத்துக்காகவே விரும்பப்பட்டன. அதே குணத்துக்காகவே பின்னர் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபாஸும் 2025-இல் சில விதிவிலக்குகளோடு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஆகவே கம்பெனிக்காரர் வந்தால் "எத்தனை வருஷம் கியாரண்டி?" என்பதற்கு முன் "என்ன மருந்து, எவ்வளவு ஊற்றுவீங்க?" என்று கேளுங்கள். பைஃபென்த்ரின் போன்றவை கறையானை விரட்டும். தடுப்பில் சின்ன இடைவெளி இருந்தால் சுற்றிக்கொண்டு அதன் வழியாக வந்துவிடும். இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் போன்றவை இருப்பதே கறையானுக்குத் தெரியாது. மருந்துபட்ட மண்ணில் நடந்து போய், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கத்தால் கூட்டாளிகளுக்கும் பரப்பும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313 அளவைத் தெளிவாகச் சொல்கிறது: புதுக் கட்டடத்தில் தரைக்கடி மண்ணுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரச் சுவரோரம் ஒரு சதுர மீட்டர் சுவர்ப்பரப்புக்கு 7.5 லிட்டர். கட்டி முடித்த வீட்டில் தரையும் சுவரும் சேரும் ஓரமாக 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு மருந்து இறக்கி அடைக்க வேண்டும். முதுகில் ஒரு டேங்க் மாட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரத்தில் ஸ்கர்ட்டிங் ஓரம் தெளித்துவிட்டுப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. பழைய வீடுகளில் கிணறோ சம்ப்போ இருக்கும் பக்கம் எது என்பதையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் மருந்து இறக்கக்கூடாது.

இரை வைத்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. தோலுரிப்பதைத் தடுக்கும் ஹெக்ஸாஃப்ளூமுரான் கலந்த தீனியை அமெரிக்காவில் 1995-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கறையான் அதைத் தின்று கூட்டுக்கும் ஊட்டி, தோலுரிக்கும் நாளில் சாகிறது. காப்டோடெர்மிஸ் கூட்டத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது. பூஞ்சை வளர்க்கும் நம் புற்றுக்கறையானிடம் அவ்வளவு வேகம் இல்லை.

தரையில் மருந்து இறக்கிய வீட்டுக்காரர்களிடம் ஆசாரி கடைசியாக ஒன்று சொல்வதுண்டு: "செவுத்தோரம் இனிமே கொத்த வேண்டாங்க." மருந்து காப்பது அது ஊறிய மண்ணின் அடுக்கு அறுபடாமல் இருக்கும்வரைதான். தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்கோ ரோஜாச்செடி வைப்பதற்கோ ஓரமாக ஒரு முழம் தோண்டி, அந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிப் புது மண் நிரப்பினால், அந்த ஒரு முழத்துக்கு மட்டும் மறுபடியும் மருந்து இறக்கியாக வேண்டும்.